ஆள் வராத வீட்டின் சாட்சி

ஓவியர் ஞானாதிக்கம் இறந்த மறு ஆண்டு, 1964-இல், அவருடைய கடைசிப் படம் சென்னையில் ஏலத்துக்கு வந்தது. சாக்கு, தார், மணல், கிழித்து ஒட்டிய காகிதம். உருவம் எதுவும் இல்லை. "விலைப்பணம் இறுதிவரை என்னுடன் இருந்தவருக்கே" என்று அவர் எழுதி வைத்திருந்தார்.

வேறு போக்கிடம் இல்லாத சமையற்காரி பாக்கியத்தாய் உரிமை கோரினாள். ஓவியரின் அண்ணன் மகன் எட்வினும் கோரினார்.

"சித்தப்பா இதைச் செய்தபோது பக்கத்தில் இருந்தவன் நான்," என்றார் எட்வின். "இவள் அடுப்படியைத் தாண்டியதே இல்லை."

ஏல அதிகாரி ரங்கபாஷ்யம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவரோ வேறு யாருமோ வந்ததே இல்லை என்கிறாய். ஆளே வராத வீட்டுக்கு யாரைச் சாட்சியாகக் கொண்டுவருவாய்?"

"ஆள் இல்லைதான் ஐயா," என்ற பாக்கியத்தாய், எட்வின் பக்கம் திரும்பினாள். "கூடவே இருந்தீர்களே, அது என்ன காகிதம்?"

"பழைய கணக்குத்தாள். நானே கிழித்துக் கொடுத்தேன்."

"மூலையில் பசை விட்டுப் பிரிந்திருக்கிறது. புரட்டிப் படியுங்கள்."

எட்வின் அசையவில்லை. ரங்கபாஷ்யம் புரட்டினார். அது ஒரு தபால் உறை. எட்வினின் பெயரும் முகவரியும் இருந்தன. குறுக்கே, 'வாங்க மறுத்துவிட்டார்' என்று தபால்காரர் எழுதியிருந்தார். அடுத்த துண்டும் அவ்வாறே.

"திரும்பி வந்த கடிதத்தை உறையோடு கிழித்து ஒட்டுவார்," என்றாள் பாக்கியத்தாய். "மறுநாள் இன்னொன்று எழுதுவார்."

எட்வின் தணிந்த குரலில், "கடிதங்களை மட்டுமாவது கொடுத்துவிடு," என்றார்.

"உங்களுக்கு எழுதியவைதான் ஐயா. உட்காருங்கள், ஏலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்."