வெறும் தட்டு

அப்போது கிருமி வளர்க்கிற தட்டுகள் கண்ணாடி. கழுவி, காகிதம் சுற்றி, ஆவியில் வேகவைத்து எடுப்பார்கள். கடல்பாசித் தூளைக் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டில் ஆட்டு ரத்தம் கலந்து, தட்டுகளில் ஊற்றி ஆறவைப்பார்கள். அந்தக் காலைகளில் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் முழுக்கக் கஞ்சி காய்ச்சுகிற மணம் இருக்கும். இப்போது பிளாஸ்டிக் தட்டு, ஊற்றியே வருகிறது. மணம் இல்லை.

டாக்டர் சுகிர்தம் அங்கே கிருமிப் பரிசோதனைக் கூடத்தை நடத்திவந்தார். எக்ஸ்ரே பிரிவிலிருந்து மாற்றலாகி அவரிடம் வேலை கற்க வந்தவர் ஆவுடையப்பன். டாக்டரைவிட வயதில் மூத்தவர்.

நோயாளிகளின் சீழும் சளியும் தடவிய தட்டுகளோடு, ஒன்றுமே தடவாத தட்டு ஒன்றும் தினமும் இளஞ்சூட்டுப் பெட்டியான இன்குபேட்டருக்குள் போகும். ஆவுடையப்பனுக்கு அது பொறுக்கவில்லை.

"டாக்டரம்மா, ரத்தம் ஊத்தின தட்டு. சும்மா வச்சு, சும்மா எடுத்துக் கழுவுதோம். எதுக்கு?"

"வைங்க அண்ணாச்சி."

"எக்ஸ்ரேயில நாங்க ஆளில்லாம படம் எடுக்க மாட்டோம்."

டாக்டர் சிரித்தார். "இங்க எடுப்போம்."

பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. சீழ் வந்தது. தட்டுகளை ஊற்றியதும் சீழைத் தட்டில் கோடு கோடாகத் தடவி இழுத்ததும் ஆவுடையப்பன்தான். மறுநாள் தட்டில் பொன்னிறப் புள்ளிகள். ஒரு புள்ளியை எடுத்து ஸ்லைடில் தடவி, தீயில் காட்டி, ஊதாச் சாயம் விட்டார். பிறகு அயோடின். ஸ்பிரிட்டில் அலசி, கடைசியில் சிவப்பு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஊதாத் திராட்சைக் குலைகள்.

அவர் தனியாகக் கண்டுபிடித்த முதல் கிருமி.

"டாக்டரம்மா, சீக்கிரம் வாங்க, வந்து பாருங்க!"

டாக்டர் குனிந்து பார்த்தார். "சாயம் அருமையா ஏறியிருக்கு."

வார்டு டாக்டர் வாசலிலேயே காத்திருந்தார். "குலையா? அப்போ இப்போ போடுற மருந்து கேட்காதே. மாத்திடட்டுமா?"

"ஒரு நிமிஷம். அண்ணாச்சி, வெறும் தட்டைப் பார்த்தாச்சா?"

பார்த்திருக்கவில்லை. ஆவுடையப்பன் போய் இன்குபேட்டரைத் திறந்தார். வெறும் தட்டிலும் அதே பொன்னிறப் புள்ளிகள். இரண்டு டாக்டர்களும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள். சுத்தமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

அதற்கும் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். அதே குலை.

"கையைக் காட்டுங்க," என்றார் டாக்டர்.

வலது கட்டைவிரலில் நகச்சுத்தி. பழுத்து உடைந்திருந்தது.

"எலுமிச்சம்பழம் செருகலையா?"

"செருகினேன். தட்டு ஊத்தும்போது கழட்டிட்டேன்."

"பழத்தோடயே ஊத்தியிருக்கலாம்," என்றார் வார்டு டாக்டர்.

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. "அப்போ அந்தப் பிள்ளை தட்டுல இருக்கது அவளோடதா, என்னோடதா?"

"தெரியலை." டாக்டர் வாசல் பக்கம் திரும்பினார். "மருந்தை மாத்தாதீங்க. புதுசா சீழ் எடுத்து அனுப்புங்க. நாளைக்குச் சொல்றோம்."

வார்டு டாக்டர் போய்விட்டார்.

"நீங்களே வைங்க டாக்டரம்மா. நான் தொடலை."

"தட்டு நான் ஊத்துறேன். விரலுக்குக் கட்டுப் போட்டு, கையுறை மாட்டிட்டு வாங்க. சீழை இழுக்கிறது நீங்கதான்."

மறுநாள் வெறும் தட்டில் எதுவும் முளைக்கவில்லை. அந்தப் பெண்ணின் தட்டில் குண்டூசி முனை அளவுக்குப் புள்ளிகள்; ஒவ்வொன்றைச் சுற்றியும் ரத்தச் சிவப்பு கரைந்து வெளிறியிருந்தது. சாயம் ஏற்றியபோது குலை இல்லை. மணி கோத்ததுபோல் சரம் சரமாக இருந்தது. போட்டுக்கொண்டிருந்த மருந்துக்கே அடங்குகிற கிருமி. அளவை மட்டும் கூட்டினார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் போன அன்று ஆவுடையப்பன் தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"டாக்டரம்மா, இந்த வெறும் தட்டை எப்போ நிறுத்தலாம்? என் கை நல்லாப் பழகினப்புறமா?"

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிரவில்லை.

"பழகினப்புறம் ரெண்டா வைங்க அண்ணாச்சி."