கொம்பன் பேச்சும் அத்திமரத்து ஒப்பந்தமும்

ஆற்றோரத்தில் ஒரு பெரிய அத்திமரம். மேலே மந்திக் கூட்டம், கீழே புள்ளிமான் கூட்டம். மந்திகளுக்குத் தின்னத் தெரியுமே தவிர ஒழுங்காகத் தின்னத் தெரியாது. பழத்தைக் கடித்துப் பாதியை எறியும். ஒரு கொத்துத் தளிரை ஒடித்து, இரண்டு இலையைத் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிடும். புல் காய்ந்த கோடையில் மான்களுக்கு அந்தச் சிதறல்தான் சாப்பாடு.

மந்திக்குக் கண் தூரம் பார்க்கும். மானுக்கு மோப்பம் தூரம் போகும். சிறுத்தை வருவது யாருக்கு முதலில் தெரிகிறதோ அவர் கத்திவிட வேண்டும். இதற்காக யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. பிழைக்க வேண்டுமே என்று வந்த பழக்கம்.

மருதி என்ற பெண்மானுக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. அதற்குக் கால் இன்னும் நிலைக்கவில்லை. நாலடி ஓடினால் விழும். மேலேயிருந்து கத்தல் சீக்கிரம் வந்தால் அது பிழைக்கும். தாமதமானால் போச்சு!

மான் கூட்டத்தின் தலைவன் கவைக்கொம்பன். தலையில் பாதி உடம்புக்குக் கொம்பு. வாயில் முழு உடம்புக்குப் பேச்சு.

"தட்டிக் கேட்க இந்தக் காட்டில் ஆள் கிடையாது!" என்று அது மேட்டில் ஏறி நின்று முழங்கியது. "யாரும் யாருக்கும் சொந்தமில்லை. பலம்தான் நியாயம். அந்த மந்திகளைப் பாருங்கள்! பத்துப் பழம் தின்று இரண்டைத்தான் நமக்குப் போடுகின்றன. நம்மைவிட அதிகமாகக் கொழுக்கின்றன!"

மருதிக்கு எரிச்சல் வந்தது. "கொழுக்கட்டுமே! கொழுத்த குரங்கு வந்து நம்மைக் கடித்துத் தின்றுவிடுமா? நமக்கு வயிறு நிறைகிறதா, அதைப் பாருங்க!"

"போடி, பொட்டைகளுக்கு இதெல்லாம் புரியாது."

புரியாதாம்! பால் கொடுப்பதும் காவல் நிற்பதும் பொட்டைகள். புரிவது மட்டும் அவருக்கு!

மறுநாள் கொம்பன் தன் பலத்தைக் காட்ட அத்திமரத்தையே முட்டி முட்டிப் பட்டையை உரித்தது. மேலே கூச்சல் கிளம்பியது. "ஐயையோ, மரத்தைச் சாய்க்கப் பார்க்கிறான்!" மந்திகள் கிளைகளை ஒடித்து அதன் முதுகில் வீசின.

"பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே! அதுகள் பகையாளிகள்!" என்றது கொம்பன்.

"முதலில் போய் முட்டியது யாரு?" என்று மருதி கேட்டது. கொம்பன் முதுகில் கிடந்த சுள்ளியை உதறிவிட்டு மேட்டுக்கு நடந்தது.

அன்றோடு மேலேயிருந்து ஒரு இலை விழவில்லை. யாரும் யாருக்காகவும் கத்தவுமில்லை. சிறுத்தைக்குக் கல்யாணச் சாப்பாடு! முதலில் மருதியின் தங்கை பூவியைக் கொண்டுபோனது. மந்திகள் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு தண்ணீர் குடிக்க இறங்கிய ஒரு மந்தியைக் கொண்டுபோனது. மான்கள் வாயைத் திறக்கவில்லை.

"வலியது பிழைக்கும், எளியது சாகும். இயற்கை," என்றது கொம்பன், அசைபோட்டபடி.

மருதி கொதித்துப்போனது. "இயற்கையா? போன வாரம் இதே காடு, இதே சிறுத்தை! அப்போ பூவி உயிரோடதானே இருந்தா? உங்க பேச்சு தின்ன உயிருக்கு இயற்கை மேல பழியா!"

சொல்லிவிட்டு நேரே மரத்தடிக்குப் போய்ப் பெரிய மந்தி கருமுகியைக் கூப்பிட்டது.

"என்னம்மா, சமாதானம் பேச வந்தியா?" என்று கருமுகி பல்லைக் காட்டியது. "மரத்தை முட்டறது ஒருத்தன், சிநேகம் பேச வர்றது இன்னொருத்தி!"

"சிநேகமா? நீ சப்புக்கொட்டித் தின்கிற சத்தம் கேட்டாலே எனக்குக் காது கூசுது! உன்னைப் பிடிச்சு நான் வரலை. நாளைக்கும் நீ இந்த மரத்திலேதான், நானும் இந்த நிழலிலேதான். ரெண்டு பேருக்கும் வேற போக்கிடம் இருக்கா?"

கருமுகி தலையைச் சொறிந்தது. "உன் பேச்சை எப்படி நம்பறது?"

"நம்பாதே, பாரு! தாழ்ந்த கிளையிலே உன் ஆள் ஒண்ணு உட்காரட்டும். அதுக்குக் கீழே எங்க ஆள் நிற்கும். ஒருத்தரை ஒருத்தர் கண்ணாலேயே பார்த்துக்கலாம். நீங்க தண்ணிக்கு இறங்கினா முதல்ல நாங்க கரையை மோந்து பார்த்துச் சொல்றோம். எவளாவது கத்தாம ஏமாத்தினா அன்னைக்கு அவளுக்காக யாரும் பதிலுக்குக் கத்த வேண்டாம். மறுநாள் பழசைப் பேசாம மறுபடி தொடங்கணும்."

"உங்க கொம்பன்?"

"மரத்தை முட்ட வந்தா நாங்க அத்தனை பேரும் அவரை விட்டு விலகிடுவோம். தனியா நின்னு யாருக்குக் கொம்பைக் காட்டுவார்?"

மந்திகள் கூடிப் பேசின. சாயங்காலம் ஒரு தளிர்க் கொத்து பொத்தென்று விழுந்தது.

கொம்பன் விழுந்து விழுந்து சிரித்தது. "வாய்ப்பேச்சுக்குச் சிறுத்தை பயப்படுமா?"

ஆனால் மான் கொம்பு நிரந்தரமா என்ன? அடுத்த சில நாளிலேயே காலம் வந்து ஒரு பக்கம் உதிர்ந்தது, அப்புறம் மறுபக்கமும். மொட்டைத் தலையோடு மேட்டில் நிற்க வெட்கம். தலைவர் பெண்மான்களுக்கு நடுவே பதுங்கிக்கொண்டார். அதுவும் தாழ்ந்த கிளைக்கு நேர் கீழே, நல்ல இடம் பார்த்து!

ஒரு மத்தியானம் புதரில் மஞ்சள் அசைந்தது. கருமுகியே கண்டுவிட்டது. "கர்ர்ரக்! கர்ர்ரக்!" மரம் முழுவதும் அலறியது. மான்கள் தெறித்தன. மருதி குட்டியை முட்டி முட்டித் தள்ளியது. குட்டி விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்து எழுந்து கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது. எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? கண்டுபிடிக்கப்பட்ட சிறுத்தை வாலைச் சுழற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனது.

மூச்சு வாங்கியபடி கொம்பன் ஆரம்பித்தது: "ஏதோ இந்தத் தடவை குரங்கு கத்தியது. அடுத்த தடவை கத்தும் என்று என்ன நிச்சயம்?"

குட்டியை நக்கிக்கொண்டிருந்த மருதி நிமிர்ந்தது.

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்கிறதாலதான் இந்தத் தடவை கத்துச்சு! போய் ஓரமா நில்லுங்க."

பலம் ஒருநாள் உதிரும், ஆனால் நாளையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டியவர்கள் கண்காணித்துக் காப்பாற்றும் ஒப்பந்தமே எளியவர்க்கும் வலியவர்க்கும் காவல்.