கவிழ்த்த வாளி

இதில் ஒரு சொல் பொய் என்றால் நாளை முதல் என் இலையில் உப்பே விழாமல் போகட்டும். அத்தனையும் நடந்தது.

"அம்மா, இந்தக் காயும் சப்புன்னு இருக்கு," என்றார் பொன்னுரங்கம்.

தீயணைப்பு நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞானம் வேண்டும் என்று மலையேறி வந்து, அங்கே குருவாக இருந்த வெள்ளையம்மையின் காலில் விழுந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும்.

"என் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒரு மிளகாய் வளர்த்துக் குடுங்க ஐயா. அன்னைக்கே உபதேசம்," என்று சொல்லியிருந்தாள்.

அன்றே ஒரு செடி நட்டு, தண்ணீர் ஊற்றினார், ஊற்றினார், அப்படி ஊற்றினார். விடிந்தால் வாளி, வெயில் ஏறினால் வாளி. ஒரு காய் சிவந்துவிட்டால் போச்சு, கை தானாக வாளியைத் தேடும். பழைய உத்தியோகம் அப்படி.

செடி ஆளுயரம் வளர்ந்தது. மேகங்கள் வந்து அதன் மேல் தலைவைத்துப் படுத்தன. மத்தியானங்களில் செடி விட்ட குறட்டை அடிவாரம் வரை கேட்டது.

காய் மட்டும் கடித்தால் வெள்ளரிப்பிஞ்சு.

வெள்ளையம்மை எழுந்தாள். வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

உச்சிவெயிலில் இலைகள் தொங்கின.

"செத்துப்போயிடும்மா! ஒரு கை தண்ணி!"

"செத்தா எழுப்புங்க." கண்ணை மூடிக்கொண்டாள்.

செடியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"தள்ளி உக்காந்து அழுங்க ஐயா. வேர்ல விழுது."

அந்தியில் இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. யாரும் கூப்பிடாமல் தூக்கம் கலைந்த மாதிரி. பொன்னுரங்கம் தன் வெறுங்கைகளைப் பார்த்தார்.

அதன்பின் தினமும் இதே கதைதான். அந்தியிலும் இலைகள் எழாத நாளில் மட்டும் அவளே கொஞ்சம் மொண்டு வந்து ஊற்றுவாள். மறுபடி வாளியைக் கவிழ்த்து ஏறிக்கொள்வாள்.

ஒருநாள் சின்னதாக, கோணலாக ஒரு காய் சிவந்தது.

வெள்ளையம்மை பாதி கடித்தாள். மேலே இருந்த மேகம் இடம் மாறிப் போனது. அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"அம்மா... உபதேசம்?"

கண்ணைத் துடைக்காமலே மீதிப் பாதியை நீட்டினாள்.

வாயில் போட்டார். வேலைக்காலமெல்லாம் அணைத்த தீ அத்தனையும் ஒன்றாக நாக்குக்கு வந்து சேர்ந்தது.

"தண்ணி! அம்மா, தண்ணி!"

வெள்ளையம்மை வாளியை விட்டு எழவில்லை.

இதைச் சொன்னது யார் என்று எவராவது கேட்டால் தெரியாது என்றுவிடுங்கள். அந்தச் செடியில் எனக்கும் நீட்ட இன்னும் காய் இருக்கிறது.