மேசையில் படுத்த டாக்டர்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தாறு. நாவல்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அந்த இரண்டு பேர் மட்டும்தான்.

சீடர் பெயர் டாக்டர் திருவேங்கடநாதன். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் இருப்பவர். ஆரம்ப வாரங்களில் கருவைக் கலைக்கும் சின்னச் சிகிச்சையைக் கற்றுக்கொண்டு வந்து அங்கேயே செய்யுங்கள் என்று மேலிடம் அவரை இங்கே அனுப்பியிருந்தது. அதுவரை அவர் ஊர்ப் பெண்கள் அதற்காகப் பஸ் மாறிப் பஸ் மாறிப் போனார்கள். போக முடியாதவர்கள் யார் யார் கையிலோ எதை எதையோ வாங்கித் தின்றார்கள்.

குரு பெயர் டாக்டர் இசக்கியம்மாள். வாயைத் திறந்து பேசுவதற்குள் மழை பெய்து ஓய்ந்துவிடும்.

சீடரோ பேச்சுக்காரர். அதிலும் இரண்டு சொற்களில் கைதேர்ந்தவர். ஒன்று 'வலிக்காது'. இன்னொன்று 'முடிஞ்சிருச்சு'. அவர் 'வலிக்காதும்மா' என்று ஆரம்பித்தால் மூன்றாவது தெருவில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை வீறிட்டு அழும். ஒரு முறை முதுகில் கட்டி அறுக்க வந்த மாட்டு வியாபாரி, பாதியில் 'முடிஞ்சிருச்சு' என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு சந்தைக்கே போய்விட்டாராம். டாக்டர் கத்தியும் கையுமாக அடுத்த பஸ்ஸைப் பிடித்து, தரகர்களுக்கு நடுவில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து மீதியை முடித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்தச் சந்தை மாடுகள் வெள்ளைக் கோட்டைக் கண்டால் வாலைச் சுருட்டிக்கொள்கின்றன என்று கேள்வி.

இத்தனைக்கும் அவர் பொய்யர் இல்லை. யாராவது முகம் சுளித்தால் அவருக்குத் தாங்காது. அவ்வளவுதான்.

போன வாரம் அந்த இரண்டாவது சொல்தான் அவர் காலை வாரிவிட்டது.

முத்துப்பேச்சி பீடி சுற்றுபவள். பிள்ளைகள் இரண்டு. மூன்றாவது வேண்டாம் என்று அவளே தீர்மானித்து, ஸ்கேன் எடுத்து, ரத்தம் கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு மேசையில் ஏறிப் படுத்தாள். கர்ப்பப்பை வாய் மரத்துப்போவதற்கான ஊசியைச் சீடர் போட்டார். அவள் உடம்பு விறைத்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

"அவ்வளவுதாம்மா. முடிஞ்சிருச்சு."

அவள் நம்பிவிட்டாள். நீங்க நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். உண்மையில் எதுவும் ஆரம்பிக்கவே இல்லை. இதோ, இது ஒண்ணு மட்டும் என்று சீடர் இழுத்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். காலை இறக்கினாள். சேலையைச் சுற்றிக்கொண்டு நடையைக் கட்டினாள். சீடர் பின்னாலேயே போகப் போனார். குரு கையை நீட்டித் தடுத்துவிட்டார். வேண்டாம் என்று போகிறவளை யாரும் பிடித்து நிறுத்தக் கூடாது.

இன்றைக்கு அவள் மறுபடி வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளிடம் பேசிவிட்டு வந்த நர்ஸ் ஜெபராணி சொன்ன செய்தியில் சீடருக்கு வியர்த்துவிட்டது. முத்துப்பேச்சியின் தெருவில் ஒருத்தி இருக்கிறாளாம். எருக்கங்குச்சியால் காரியத்தை முடித்துத் தருவாளாம். இன்றைக்கும் இங்கே பொய் சொன்னால் நேரே அவளிடம்தான் என்று முத்துப்பேச்சி தீர்மானமாக இருக்கிறாள். ஏம்மா, அது உசிரைக் குடிக்குமே என்று ஜெபராணி கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்: "அவ வலிக்கும்னாவது சொல்லுதால்லா."

எருக்கங்குச்சியின் கதை சீடருக்குத் தெரியும். கட்டிலோடு தூக்கி வந்த ஒரு பெண்ணை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் கட்டில் மட்டும்தான் வீட்டுக்குத் திரும்பிப் போனது.

அவர் குருவிடம் போய் நின்றார்.

"மேடம், அந்தப் பொண்ணு இறங்கி ஓடாம இருக்க நான் என்ன சொல்லணும்?"

குரு யோசித்தார்.

"மேசையில ஏறிப் படுங்க சார்."

"நானா?"

"நீங்கதான்."

சீடர் செருப்பைக் கழற்றினார். பேன்ட்டும் சட்டையுமாக, தொந்தியைத் தூக்கிக்கொண்டு மேசையில் ஏறினார். குரு அவருடைய கால்களை விரித்துத் தாங்கிகளில் வைத்தார். முழங்கால்களுக்குக் குறுக்கே பச்சைத் துணியைப் போட்டார். ஜெபராணி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஏதோ தேடினாள். தோள் மட்டும் குலுங்கியது.

படுத்த பிறகு சீடருக்குத் தெரிந்ததெல்லாம் கூரை, ஒரு டியூப்லைட், மழைத்தண்ணீர் இறங்கிய ஒரு கறை. துணிக்கு அந்தப் பக்கம் எஃகுச் சாமான்கள் உரசின. குருவும் ஜெபராணியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். "ரொம்பப் பெரிசா இருக்கே" என்றது ஒரு குரல்.

"என்ன பெரிசா இருக்கு?" என்றார் சீடர்.

"ஒண்ணுமில்ல சார். வலிக்காது."

உள்ளங்காலில் ஐஸ் போல எதுவோ பட்டது. சீடர் பல்லைக் கடித்தார்.

"அவ்வளவுதான் சார். முடிஞ்சிருச்சு."

அவர் மூச்சை விட்டார். பாதி மூச்சு வெளியே வருவதற்குள் அடுத்த காலில் அதைவிட ஜில்லென்று ஒன்று ஏறியது. சீடர் துள்ளிய துள்ளலில் மேசையே ஒரு சாண் நகர்ந்தது.

"முடிஞ்சிருச்சுன்னீங்களே!"

சொன்ன பிறகுதான் அந்தக் குரல் அவர் காதிலேயே விழுந்தது. ஜெபராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"இறங்குங்க" என்றார் குரு. "அவங்களைக் கூப்பிடலாம்."

"என்ன சொல்லணும்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"மேலே படுத்திருந்தப்ப எங்க வாயிலிருந்து என்ன கேக்கணும்னு இருந்துச்சு உங்களுக்கு?"

சீடர் இறங்கிச் செருப்பைத் தேடினார்.

முத்துப்பேச்சி உள்ளே வந்து, மேசைப் பக்கம் போகாமல் கதவோரமாகவே நின்றுகொண்டாள். சீடர் அவள் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போன தடவை தான் சொன்னது பொய் என்றார். வேண்டுமானால் மேடமே செய்வார் என்றார்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேண்டாம். நீங்களே செய்யுங்க. அந்தம்மா பக்கத்துல நிக்கட்டும். ஒருக்கா மாட்டிக்கிட்டவருக்குத்தான் மறுபடி பொய் சொல்லப் பயமா இருக்கும்."

பிறகு அவளே கேட்க ஆரம்பித்தாள். கிணற்று மோட்டார் மாதிரி ஒன்றை வைத்து இழுப்பார்களாமே, கர்ப்பப்பையே கழன்று வந்துவிடுமாமே? சீடர் எழுந்து போய் அந்தச் சாதனத்தின் புதுசு ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். கையால் இழுக்கிற தடித்த பிளாஸ்டிக் சிரிஞ்சு. முனையில் மாட்ட மெல்லிய குழாய். மோட்டாரும் இல்லை, கரண்டும் இல்லை.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எம்மவன் தண்ணி பீய்ச்சி விளையாடுத குழாய் மாதிரில்லா இருக்கு. இதுக்கா எங்க தெருக்காரி அந்தப் போடு போட்டா?"

வயிற்றை அறுப்பார்களா? இல்லை. அறுப்பும் இல்லை, தையலும் இல்லை. முழு மயக்கம் உண்டா? இல்லை, முழித்துத்தான் இருப்பாய். பின்னால் மனசு மாறினால் மறுபடி பிள்ளை நிற்குமா? நிற்கும், அதுவும் அடுத்த மாதமே நிற்கலாம், அதனால் தடுப்பதற்கு எது வேண்டும் என்று இன்றைக்கே பேசிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் கையெழுத்து? தேவையில்லை. இந்தப் பதிலைக் கேட்டதும் அவள் உடனே ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். வீட்டுக்காரர் மரத்தடியில் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பாவம், கூட்டிட்டு வந்ததுக்கு அதையாவது பிடிச்சிக்கிட்டு நிக்கட்டும்" என்றாள்.

கடைசியாக ஒன்று கேட்டாள்.

"வலிக்குமா?"

சீடரின் நாக்கு பழைய பாதையில் புறப்பட்டது. அதை அவர் பாதி வழியில் பிடித்து நிறுத்தினார்.

"வலிக்கும். மாசாமாசம் வர்ற வலி மாதிரி. அதைவிடக் கொஞ்சம் கூடுதலா. குழாய் உள்ளே இருக்கிற சில நிமிஷம் நல்லாப் பிசையும். வலி மாத்திரை முன்னாடியே தர்றேன். அப்பவும் வலிக்கும். அப்புறம் இறங்கிடும்."

அவள் தலையாட்டினாள். மேசைக்குப் போய்த் தானாகவே ஏறிக்கொண்டாள்.

மாத்திரை வேலைசெய்யும் வரை காத்திருந்தார்கள். பிறகு சீடர் எதையும் சொல்லாமல் தொடவில்லை. இப்போ என் கை படும். இப்போ உள்ளே ஒரு கருவி, ஜில்லென்று இருக்கும். இப்போ மருந்து போட்டுத் துடைக்கிறேன். இப்போ ஊசி, எறும்பு கடிக்காது, குளவி கடிக்கும். குளவி கடித்தது. "ஆமா, குளவிதான்" என்றாள் முத்துப்பேச்சி. கர்ப்பப்பை வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறேன் என்றபோது அவள் ஜெபராணியின் கையைப் பிடித்தாள். ஜெபராணியின் வளையல் ஒன்று சப்பையானது.

"நில்லுங்க" என்றாள் முத்துப்பேச்சி.

சீடரின் கை நின்றது. இறங்கப் போகிறாள் என்று நினைத்தார். தெருவில் எருக்கங்குச்சியோடு காத்திருக்கிறவள் அவர் கண்ணுக்குள் வந்து குந்தினாள்.

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். மூச்சை இழுத்து விட்டாள்.

"ஒண்ணுமில்ல. நிப்பீங்களான்னு பார்த்தேன். செய்யுங்க."

குழாய் உள்ளே போனது. சிரிஞ்சு உறிஞ்சியது. ஸ்ட்ராவில் இளநீரின் கடைசிச் சொட்டை இழுக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தம் வரும் என்று சீடர் முன்பே சொல்லியிருந்தார். அடிவயிறு முறுக்கியது. முத்துப்பேச்சி மரத்தடியில் நின்றவரை நாலு வார்த்தை திட்டினாள். அதில் இரண்டு வார்த்தை சீடர் இத்தனை வருஷ உத்தியோகத்தில் கேட்டிராதவை. ஆனால் இடுப்பை அசைக்கவில்லை.

சீடர் குழாயை வெளியே எடுத்தார்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள்.

அந்தச் சொல் அவர் தொண்டைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. முப்பது வருஷப் பழக்கம். குரு சுவரோரமாக நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இல்லம்மா" என்றார் சீடர். "வெளியே வந்ததைத் தண்ணியில அலசிப் பார்க்கணும். எல்லாம் வந்திருந்தாத்தான் முடிஞ்சுதுன்னு அர்த்தம். பார்த்துட்டு வந்து சொல்றேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. காலை இறக்கவில்லை.

"சரி. நிதானமாப் பாருங்க" என்றாள்.

சீடர் அலசியதைக் கண்ணாடித் தட்டில் வைத்து விளக்குக்கு மேல் பிடித்துப் பார்த்தார். குருவும் வந்து பார்த்துத் தலையசைத்தார். சீடர் திரும்பி வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றார்.

"இப்ப முடிஞ்சிருச்சு."

"நெசமாவா?"

"நெசமா."

முத்துப்பேச்சி ஜெபராணியின் கையை விட்டாள். கண்ணோரம் வழிந்தது, வாய் சிரித்தது. "அட, இம்புட்டுத்தானா?" என்றாள். "இதுக்கா ஒரு வாரமாப் பீடிக்குத் தூளை வைக்க மறந்து வெறும் இலையைச் சுத்திக்கிட்டுக் கிடந்தேன்!"

அவளை அடுத்த அறையில் படுக்க வைத்தார்கள். வலி மெதுவாக இறங்கியது. டீயும் பன்னும் வந்தன. பன்னைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். ஜெபராணி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டியதைச் சொன்னாள். சில நாள் தீட்டு மாதிரி ரத்தம் படும், அது ஒரு வாரமோ அதற்கு மேலோ விட்டுவிட்டு வரலாம், பயப்பட வேண்டாம். நாப்கின் மேல் நாப்கினாக மணிக்கணக்கில் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, வயிற்று வலி குறையாமல் கூடினாலோ உடனே வந்துவிட வேண்டும், இராத்திரியானாலும் வர வேண்டும். குளிக்கலாம், சாப்பிடலாம். உடம்பு சொன்னால் நாளைக்கே பீடி சுற்றலாம். வீட்டுக்காரர் மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப் படுக்கட்டும்.

"அதை அவர்கிட்ட நீங்களே சத்தமாச் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் முத்துப்பேச்சி. "ஆஸ்பத்திரிக்கே கேக்கணும்."

சாயங்காலம் அவள் கிளம்பிப் போனாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட் யாருக்கு என்று வாசலிலேயே வீட்டுக்காரரோடு சண்டை ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தம் தெருமுனையில் கரைந்து போகும் வரை சீடர் நின்று கேட்டார். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

உள்ளே குரு கை கழுவிக்கொண்டிருந்தார். சீடர் அடுத்த குழாயைத் திறந்தார்.

"மேடம், ஒண்ணு புரியலை. அன்னைக்கு முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன், ஓடிட்டா. இன்னைக்கு இன்னும் இல்லைன்னு சொன்னேன், அசையாமப் படுத்திருந்தா. அதே மேசை. அதே வலி."

"அன்னைக்கு அவங்க தனியா இருந்தாங்க சார்."

"தனியாவா? அறையில நாம எத்தனை பேர் இருந்தோம்!"

குரு குழாயை மூடினார். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச நாமெல்லாம் ஒண்ணா இருந்தோம் சார். அவங்கதான் தனியா இருந்தாங்க."