நடுவில் நிற்பவரின் கூலி

ஈரோட்டில் மில் வேலை போன பிறகு, சென்னியப்பன் தன் மனைவி பாவாத்தாளோடு சேர்ந்து கைக்குழந்தைகளுக்குப் பருத்திச் சட்டை தைத்து இணையத்தில் விற்றுவந்தார். அந்த வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஷமீமா. அவருக்கு முப்பது வயதுதான். சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு.

ஷமீமா துணிப்பைகள் விற்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்து மாடியில், வீட்டிலிருந்தே வியாபாரம் செய்கிறவர்களுக்குக் காசு வாங்காமல் பாடம் எடுப்பார். சென்னியப்பன் அவரை டீச்சர் என்பார். அவர் சென்னியப்பனை அண்ணா என்பார்.

வியாபாரம் சுமாராக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சென்னியப்பன் ஒன்றைக் கவனித்தார். வாங்குகிறவர்கள் கட்டும் பணம் முழுதாக அவர் கைக்கு வரவில்லை. பணத்தை வாங்கி அவருடைய வங்கியில் சேர்க்கும் கம்பெனி, நூற்றுக்கு இரண்டு ரூபாயும் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாக மூன்று ரூபாயும் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் வரி வேறு. சட்டை போக மிஞ்சிய துணியில் தைத்த நாற்பது ரூபாய்க் கைக்குட்டை ஒன்று விற்றால் நாலரை ரூபாய் போய்விடும்.

துணி எடுப்பது நாம், தைப்பது நாம், நோகாமல் பங்கு வாங்குவது இன்னொருவனா என்று அவருக்கு மனம் கொதித்தது. யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கம்பெனியை நிறுத்திவிட்டு, இணையக் கடைப் பக்கத்தில் தன் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டுவைத்தார். பணத்தை நேராக அனுப்பினால் சட்டை வீடு வந்து சேரும் என்று கீழே எழுதினார்.

அதன் பிறகு சட்டை அவ்வளவாக விற்கவில்லை. விலை கேட்டார்கள், அளவு கேட்டார்கள், படம் அழகாக இருக்கிறது என்றார்கள். கணக்கு எண்ணைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மதுரையிலிருந்து ஒருவர் மட்டும், உங்களை எனக்குத் தெரியாதே என்று எழுதினார். அந்த ஒரு வரி சென்னியப்பனைச் சாப்பிட விடவில்லை.

தைத்த சட்டைகள் அலமாரியில் சேர்ந்தன. பெருந்துறையில் ஒரு குடோனுக்குக் காவல்காரர் தேவை என்று தெரிந்தவர் சொன்னார். சென்னியப்பன் ஒத்துக்கொண்டார். பாவாத்தாள் தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடினாள்.

சொல்லிவிட்டுப் போகலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வந்தார். நடந்ததையெல்லாம் ஷமீமாவிடம் சொன்னார்.

"நான் என்ன ஏமாத்துறவனுங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

ஷமீமா, தன் பைகளுக்குக் கைப்பிடி நாடா வாங்க வேண்டும், அதைக் கொஞ்சம் பார்த்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். தன் கைபேசியை அவரிடம் கொடுத்தார். அதில் சூரத்துக் கடைகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே நாடா. முதல் கடையில் விலை குறைவு, ஆனால் பணத்தைக் கடைக்காரரின் கணக்குக்கு நேராக அனுப்ப வேண்டும். இரண்டாவதில் பத்து ரூபாய் கூடுதல், நடுவில் ஒரு கம்பெனி பணத்தை வாங்கிக்கொள்ளும்.

சென்னியப்பன் முதல் கடையை வெகுநேரம் பார்த்தார். கடைக்காரரின் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு இரண்டாவது கடைக்குப் போய் வாங்கிவிட்டு, கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"பத்து ரூபாய் கூடப் போச்சேண்ணா" என்றார் ஷமீமா.

"உங்க பணமாச்சேங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு எப்படி அனுப்புறது?"

"ரெண்டாவது கடைக்காரரைத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சரக்கு வரலைன்னா அந்தக் கம்பெனியில போய்க் கேக்கலாமில்லைங்களா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார். மதுரைக்காரர் மீது இருந்த வருத்தம் அந்த இடத்திலேயே கரைந்து போனது.

அப்படியானால் கைக்குட்டைக்கு நாலரை ரூபாய் போவதும் சரிதானா என்று கேட்டார்.

"அது ரொம்ப அதிகம்" என்றார் ஷமீமா.

சென்னியப்பனின் பையிலிருந்து ஷமீமா ஆறு கைக்குட்டைகளை எடுத்து அடுக்கினார். ஒரு நூலால் கட்டினார். அந்தக் கட்டைச் சென்னியப்பன் கையில் வைத்தார்.

"இப்ப எத்தனை ஆர்டர்ண்ணா?"

"ஒண்ணுதானுங்க" என்றார் சென்னியப்பன். அவர் முகம் தெளிந்தது.

மற்ற கம்பெனிகள் எவ்வளவு வாங்குகின்றன என்று விசாரித்தாரா என்றும் ஷமீமா கேட்டார். விசாரிக்கவில்லை என்றார். விசாரிக்கச் சொன்னார்.

குடோன்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார் சென்னியப்பன். கொஞ்சம் குறைவாக வாங்கும் வேறொரு கம்பெனியைத் தேடிப் பிடித்தார். கம்பெனி பிடிக்கும் கட்டணத்தையும் சேர்த்தே விலை போட்டார். கைக்குட்டை இனிமேல் ஆறாகத்தான் கிடைக்கும் என்று எழுதினார். பாவாத்தாள் மிஷின் உறையை எடுத்தாள்.

ஆர்டர்கள் மெல்லத் திரும்பி வந்தன. அவற்றில் ஒன்று போர்ட் பிளேரிலிருந்து வந்தது. பிரிசில்லா என்ற பெண், பிறந்த குழந்தைக்குச் சட்டை கேட்டிருந்தாள். அலமாரியில் இருந்த சட்டையை அனுப்பாமல், அங்கே வெயிலும் உப்புக்காற்றும் இருக்குமே என்று பாவாத்தாள் இன்னும் மெல்லிய துணியில் புதிதாகத் தைத்துக் கொடுத்தாள்.

மழைக்காலத்தில் அதே பெண் மறுபடி எழுதினாள். இந்த முறை தங்கை குழந்தைக்கு. கணக்கு எண்ணை அனுப்புங்கள், பணத்தை நேராகவே போட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தாள்.

சென்னியப்பன் அதைப் பாவாத்தாளுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லோருக்கும் முன்னால் நூலகத்துக்குப் போய்விட்டார். ஷமீமா மாடி ஏறி வந்ததும் செய்தியைச் சொன்னார். தயங்கித் தயங்கி மனதில் இருந்ததையும் கேட்டார்.

"இந்த ஆர்டருக்குக் கட்டணம் இல்லீங்க டீச்சர். ஆனா விலையில அதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன். அப்படின்னா அந்தப் பணம் இப்ப யாருதுங்க?"

ஷமீமா ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சட்டை வந்து சேருமோ சேராதோங்கிற பயத்தை இத்தனை நாளா அந்தக் கம்பெனி சுமந்துச்சு. இப்ப அதை யாரு சுமக்கிறாங்களோ, அவங்களோடது."

சென்னியப்பன் அங்கேயே கைபேசியை எடுத்து, பிரிசில்லாவுக்கு விலையைக் குறைத்து எழுதினார்.