அமெரிக்காவில் எவனோ ஒருவன்

"அமெரிக்காவுல எவனோ வித்தா, அம்பாசமுத்திரத்துல நான் ஏம்மா நாசமாப் போவணும்?"

ஆசிரமத்துப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஆவுடையப்பன் கத்தினார். இரும்புக் கடைக்காரர், அறுபது வயது. பதில் சொல்ல வேண்டிய சுப்புத்தாய் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ஊரே அவரைத்தான் குரு என்றது.

குரு பக்கத்து இலையில் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தார்.

ஆவுடையப்பனின் எரிச்சலில் நியாயம் இருந்தது. மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்கென்று பதினொரு வருஷமாகச் சேர்த்த பங்குகள். புதன்கிழமை காலை டிவியில் அமெரிக்கச் சந்தை சரிந்தது என்றார்கள். ஜப்பானும் சரிகிறது என்றார்கள். ஒன்பதேகாலுக்கு நம் சந்தை திறந்ததும் மனுஷன் கிடைத்த விலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். மதியத்துக்குள் அத்தனையும் பழைய விலைக்கு ஏறிவிட்டது. ஆபரேஷனுக்குப் பணம் போதவில்லை. அந்த அம்மாள் இன்றும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்.

"அந்த அமெரிக்காக்காரன் மட்டும் என் கையில மாட்டுனாம்னா..."

குரு அப்பளத்தை நொறுக்கினார்.

"எனக்குச் சாப்பாடு ஒரு கேடா?" ஆவுடையப்பன் பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

மறுபக்கத்து இலைக்காரர் பார்த்தார். இவ்வளவு பெரிய மனிதர் பாதியில் எழுந்தால் சும்மாவா? அவரும் எழுந்தார். மூன்றாவது ஆள் என்னவாம் என்று கேட்டார். சாம்பாரில் பல்லியோ என்னவோ என்றார் நான்காவது ஆள். ஐந்தாவது ஆளுக்கு அந்த 'என்னவோ' போய்ச் சேரவில்லை.

வரிசையே எழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்தார்கள். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியைக் கொண்டுபோய்த் தென்னையின் தூரில் கவிழ்த்தார்.

குரு மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கமிருந்து கொத்தனார் மாசிலாமணி வந்தார். காலையிலிருந்து ஆசிரமத்து மதிலைக் கட்டியவர். பசியில் முகமே கறுத்திருந்தது.

"பல்லியும் இல்ல ஒண்ணும் இல்லைங்காவ. மொதல்ல எந்திச்சது யாருவே? எஞ்சோத்துல மண்ணள்ளிப் போட்டது எவன்?"

எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் என் கோவத்துல எந்திச்சேன். நீரு பல்லியப் பாத்தீரா?"

"பாக்கல."

"இலையில சோறு நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"பொறவு ஒம்மள எவன்வே எந்திக்கச் சொன்னான்?"

கேட்ட கையோடு ஆவுடையப்பனுக்குப் புதன்கிழமை காலை நினைவுக்கு வந்தது; திரும்பிக் குருவைப் பார்த்தார்.

சுப்புத்தாய் நிமிர்ந்து, பரிமாறுகிறவரிடம் ரசம் கேட்டார்.