ஏலக்காரர் தலையில் ஒரு வெள்ளைத் திட்டு

இந்தக் கதையின் கடைசியில் ஒரு கேள்வியும் அதற்கு விடையும் உண்டு. விடையை முதலில் எட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். எனக்கே இதைச் சொல்லும்போது ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை.

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர் சோணைமுத்து. மல்லி, பிச்சி, சம்பங்கி என்று அவர் விடாமல் கூவினால் எதிரில் நிற்பவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும். பேச்சுதான் அவருக்குப் பிழைப்பு. போன வருஷம் அவர் மூளையில், பேச்சைக் கவனிக்கிற இடப்பக்கமாகப் பார்த்து, ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து, முப்பது நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து அனுப்பினார்கள். இந்தச் சித்திரையில் எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு.

கட்டி திரும்ப வந்தாலும் ஸ்கேனில் வெள்ளைதான். கரண்ட் வைத்ததில் வெந்துபோன சதையும் வெள்ளைதான். கட்டி என்றால் உடனே தலையைத் திறக்க வேண்டும். திறந்தால் பேச்சு போனாலும் போகலாம். வெந்த சதை என்றால் மாத்திரையோடு காத்திருக்கலாம். கட்டியை வெந்த சதை என்று நினைத்துக் காத்திருந்தாலோ ஆளே போய்விடுவார்.

இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு ஸ்கேன் இருக்கிறது. கையில் மருந்தை ஏற்றி, அது ரத்தத்தோடு ஒரே அலையாக மூளையைக் கடப்பதை நொடிக்கு நொடி படம் பிடிப்பார்கள். உயிருள்ள கட்டி ரத்தத்தை இழுத்துக் குடிக்கும்; படத்தில் சிவப்பாகத் தெரியும். வெந்த சதை குடிக்காது, நீலமாகத் தெரியும்.

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தவர் கிருபா, பதினோரு வருஷமாக அந்த வேலையில் இருக்கும் டெக்னீஷியன். மாதக்கணக்கில் ஊசி வாங்கி சோணைமுத்துவின் கை நரம்பெல்லாம் காய்ந்து கிடந்தது. முழங்கையில் இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது ஊசியைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. கிருபாவுக்கு மனசு கேட்கவில்லை. குழந்தைகளுக்குப் போடுகிற மெல்லிய ஊசியைப் புறங்கையில் போட்டு, நரம்பு வெடித்துவிடக் கூடாதென்று மருந்து ஏற்றுகிற மிஷினின் வேகத்தைக் குறைத்து, மருந்தைப் பைய ஏற்றினார். அதை மறைக்கவும் இல்லை. படத்தோடு போன தாளின் அடியில் எழுதியே வைத்தார்.

படம் நீலமாக வந்தது.

படம் பார்க்கிற டாக்டர் ஹசீனா, இது வெந்த சதைதான், காத்திருக்கலாம் என்று எழுதினார். ஆபரேஷன் செய்கிற டாக்டர் அருள்வளன் ஒப்பவில்லை. பத்து நாளாக மனுஷருக்கு வலது கை தளர்கிறது, சொல் தடுக்குகிறது, வெள்ளிக்கிழமையே திறந்துவிடுவோம் என்றார்.

சோணைமுத்துவின் மனைவி தவமணி இரண்டு டாக்டர்களின் அறைக்கும் மாறி மாறி நடந்தார். எந்த வாசலிலும் கால் தரிக்கவில்லை. கடைசியில் கிருபாவைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானம்மா பக்கத்துல இருந்து எடுத்தீங்க. நான் யார் பேச்சக் கேக்கட்டும்?"

அதையே உங்களிடம் கேட்கிறேன். படத்தைப் பார்த்துச் சொன்ன ஹசீனாவா, ஆளைப் பார்த்துச் சொன்ன அருள்வளனா, தவமணி யார் பேச்சைக் கேட்பது?

விடை: அன்றைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்டிருக்கக் கூடாது. பைய ஏறிய மருந்து அலையாகப் போகாமல் கலைந்துவிடும்; உயிருள்ள கட்டியைக்கூட நீலமாகக் காட்டும். அருள்வளன் சொன்னதும் ஊகம்தான். வெந்த சதையும் கையைத் தளர்த்தும். தாளின் அடியில் இருந்த வரியை இருவருமே படிக்கவில்லை. "பாவம் பாத்து நான்தாம்மா கெடுத்துட்டேன், திரும்ப எடுக்கணும்" என்றார் கிருபா. புதன்கிழமை சோணைமுத்து தானாகவே கையை நீட்டினார். ஐந்தாவது குத்தில் முழங்கை நரம்பு கிடைத்தது. படம் சிவப்பாக வந்தது. வெள்ளிக்கிழமை தலையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். அருள்வளன் சொன்னதுதானே கடைசியில் நடந்தது என்பீர்கள். நடந்தது, ஆனால் தெரிந்து நடந்தது. இப்போதும் சோணைமுத்துதான் ஏலம் விடுகிறார். மல்லி என்கிற ஒரு சொல் மட்டும் அவருக்குத் திரும்பி வரவில்லை. கூடையைத் தூக்கிக் காட்டுவார். எதிரில் நிற்கிற வியாபாரிகள் சேர்ந்து அதைச் சொல்வார்கள். அவர் விலையைக் கூவுவார்.